பிரதமர் போட்ட மெடிக்கல் லீவ்

1998 ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை. நார்வே பிரதமர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பிரதமர் ஷெல் மக்னே போன்டெவிக் மருத்துவ விடுப்பில் போகிறார். அளவுக்கு மீறிய வேலைப்பளுவால் அவருக்கு மனச்சோர்வு ஏற்பட்டிருக்கிறது. அவர் திரும்பி வரும்வரை கலாச்சார அமைச்சர் ஆன்னே எங்கர் லான்ஸ்டைன் பிரதமர் பொறுப்பைக் கவனிப்பார்.

விஷயம் அவ்வளவுதான். ஆனால் பதவியில் இருக்கிற ஒரு பிரதமர், மனசு சரியில்லை, லீவ் வேண்டும் என்று நாட்டுக்கே சொல்வது அன்றைக்கு அநேகமாக யாரும் கேள்விப்படாத ஒன்று. இன்றைக்கும் அபூர்வம்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் போன்டெவிக்கின் தைரியத்தைத்தான் சொல்வார்கள். அவர் தைரியசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் ‘தைரியமாக மனம்விட்டுப் பேசுங்கள்’ என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் அலுவலகங்களுக்கு இந்தக் கதை ரொம்ப வசதியாகப் போய்விடுகிறது. பேசியவர் எப்படிப் பேசினார் என்பதோடு, பேசிய பிறகு அவரைத் தாங்குவதற்கு என்னென்ன தயாராக இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு நமக்குப் பயன்படும்.

பின்னணி

போன்டெவிக் லுத்தரன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர், கிறிஸ்தவ மக்கள் கட்சிக்காரர். 1997 அக்டோபரில் பிரதமரானார். மூன்று கட்சிக் கூட்டணி. 165 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அந்த மூன்று கட்சிகளுக்கும் சேர்த்து 42 இடங்கள்தான். அதாவது எந்த ஒரு தீர்மானத்துக்கும் வெளியே போய் ஆதரவு திரட்டியாக வேண்டும். எண்ணெய் வருமானத்தை நம்பியிருக்கும் நாட்டில் 1998 முழுக்க எண்ணெய் விலை விழுந்துகொண்டே இருந்தது. நாணய மதிப்பு தடுமாற, மத்திய வங்கி வட்டியைத் திரும்பத் திரும்ப உயர்த்தியது. இலையுதிர்காலத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்த நெருக்கடிக்கு நடுவில், ஆகஸ்ட் கடைசியில் அவரால் காலையில் படுக்கையை விட்டு எழவே முடியாமல் போனது. சோம்பலால் எழாமல் இருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எழ வேண்டும் என்று தெரியும், நேரமாகிறது என்று தெரியும், யார் யார் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். உடம்பு நகராது.

மருத்துவரைப் பார்த்தாயிற்று, ஓய்வு வேண்டும் என்பதும் முடிவாயிற்று. அடுத்த கேள்வி, வெளியே என்ன சொல்வது?

ஒரு பிரதமர் அலுவலகத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. கடுமையான காய்ச்சல் என்றோ முதுகுவலி என்றோ சொல்லலாம். ஒரு வாரம் ஓட்டிவிடலாம். இரண்டாவது வாரம் நிருபர்கள் மோப்பம் பிடிப்பார்கள். மூன்றாவது வாரம் மருத்துவமனை வாசலில் கேமராக்கள் நிற்கும். அதற்குள் புற்றுநோயா, ஊழல் விவகாரமா, கூட்டணியில் சண்டையா என்று ஊர் ஆளுக்கொரு கதை கட்டியிருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டால் இதில் எதுவுமே இல்லை. போன்டெவிக்கும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

அறிவிப்பில் இருந்ததும் இல்லாததும்

அந்த அறிவிப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வேலையிடத்தில் மனநலம் பற்றிச் சொல்ல நினைக்கும் எவருக்கும் அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலாவதாக, மருத்துவர் பயன்படுத்தும் சொல்லே அதில் இருந்தது. ‘கொஞ்சம் களைப்பு’, ‘சொந்தக் காரணங்கள்’ என்று மழுப்பவில்லை. மழுப்பினால் கேட்பவர் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் உண்மையைவிட மோசமான ஒன்றை வைத்து. அதேசமயம், என்ன மருந்து, எத்தனை நாளாகத் தூக்கமில்லை, வீட்டில் என்ன நிலைமை என்று எதுவும் இல்லை. வெளிப்படையாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று நினைத்துத்தான் பலர் வாயே திறப்பதில்லை. ஒரு நாட்டின் பிரதமரே இரண்டு வரியில் நிறுத்திக்கொண்டார். நம் மேனேஜருக்கு அதைவிட அதிகமாகத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

அப்புறம், வேலையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் அதே மூச்சில் பதில் இருந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நோய் பற்றிய செய்தியோடு மாற்று ஏற்பாடும் சேர்ந்து வந்ததால், ‘ஆட்சியை நடத்த ஆளில்லை’ என்ற பயம் கிளம்ப இடமே கிடைக்கவில்லை. ஓர் ஊழியர் லீவ் கேட்கும்போது மேனேஜரின் முகம் மாறுகிறதென்றால், பாதி நேரம் அது அவருக்கு மனநோய் மீதுள்ள வெறுப்பால் இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டிய வேலை கண்முன் வந்து நிற்கும். நோயாளியாக இருப்பவர்தான் அந்த ஏற்பாட்டையும் செய்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நிறுவனத்தின் வேலை. நார்வேயில் அந்த வேலை முன்கூட்டியே நடந்திருந்தது. பொறுப்பேற்க ஆள் இருந்தார், அதற்கான நடைமுறையும் இருந்தது.

மூன்றாவது விஷயம் அறிவிப்புக்கு வெளியே இருக்கிறது. அந்த நாட்டில் சாதாரண ஊழியருக்கும் நோய்க்கால விடுப்பின் முதல் நாளிலிருந்தே ஊதியம் உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு ஓராண்டு வரைக்கும். 1978லிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. ஆகவே பிரதமர் கேட்டது தனிச்சலுகை என்று யாருக்கும் தோன்ற வழியில்லை. டிரைவருக்கும் டீச்சருக்கும் கிடைப்பதுதான் அவருக்கும் கிடைத்தது.

செப்டம்பர் 3ஆம் தேதி அவருடைய 51ஆவது பிறந்தநாள் விடுப்பிலேயே கழிந்தது. மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஓய்வெடுத்துவிட்டு, செப்டம்பர் 23ஆம் தேதி வேலைக்குத் திரும்பினார். மக்கள் அவருக்குக் குவியல் குவியலாக ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். 2000 மார்ச்சில் அவருடைய அரசு கவிழ்ந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் எரிவாயு மின்நிலையங்கள் பற்றிய தகராறு. அவருடைய மனநிலை அங்கே பேச்சிலேயே இல்லை. 2001 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் பிரதமரானார். அந்தக் கூட்டணியில் 38 இடங்கள் வைத்திருந்தது கன்சர்வேட்டிவ் கட்சி. போன்டெவிக்கின் கட்சிக்கு 22தான். பெரிய கட்சியே சின்னக் கட்சிக்காரரைத் தலைமைக்கு ஏற்றுக்கொண்டது. நான்கு ஆண்டுகள் முழுதாக ஆட்சி நடத்தி, 2005இல் இறங்கினார்.

மறைத்தவருக்கு நேர்ந்தது

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க அமெரிக்காவில் ஒரு நிகழ்வு இருக்கிறது. 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், துணை அதிபர் வேட்பாளராக மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனை அறிவித்தார். ஈகிள்டன் 1960களில் மூன்று முறை மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர். மின் அதிர்வு சிகிச்சையும் எடுத்துக்கொண்டவர். வேட்பாளர் தேர்வின்போது, பின்னால் பிரச்சினையாகக்கூடிய விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். சில நாட்களிலேயே செய்தி கசிந்தது. ஜூலை 25ஆம் தேதி அவரே பத்திரிகையாளர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மெக்கவர்ன் முதலில் ‘ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன்’ என்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஈகிள்டன் விலக வேண்டியதாயிற்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘பார்த்தீர்களா, மறைத்தவர் கெட்டார், சொன்னவர் ஜெயித்தார்’ என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அது நியாயமான ஒப்பீடு அல்ல. நடுவில் 26 வருட இடைவெளி. ஒருவர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர், இன்னொருவர் அணு ஆயுதப் பொத்தானுக்கு மிக அருகே போகவிருந்தவர். மின் அதிர்வு என்ற சொல்லே அன்று மக்களைக் கிலி பிடிக்க வைத்தது. கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் பலன் தரும் சிகிச்சை அது என்பது வேறு விஷயம். முதலிலேயே சொல்லியிருந்தால் ஈகிள்டனை வேட்பாளராக்கியிருப்பார்களா? அநேகமாக மாட்டார்கள். அவர் மறைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. இன்று வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் பலரும் போடும் அதே கணக்கு.

ஆனாலும் ஒன்று கவனிக்கத் தக்கது. மிசௌரி மக்கள் 1974இலும் 1980இலும் ஈகிள்டனை மறுபடி செனட்டுக்கு அனுப்பினார்கள். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகுதான். அவரை நேரில் பார்த்து, அவர் வேலையை அறிந்தவர்களுக்கு அந்த மருத்துவமனைச் சீட்டு பெரிதாகப் படவில்லை. அவரை அறியாதவர்களுக்கு அந்தச் சீட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த இடத்தில் முதல் வாரம் சொல்வதும், உங்கள் வேலையை இரண்டு வருடம் பார்த்த மேலாளரிடம் சொல்வதும் ஒன்றல்ல.

தனியார் துறையிலிருந்து ஓர் உதாரணம். அந்தோனியோ ஹோர்த்தா ஒசோரியோ 2011 மார்ச்சில் பிரிட்டனின் லாய்ட்ஸ் வங்கிக் குழுமத்துக்குத் தலைமை நிர்வாகியானார். நிதி நெருக்கடியில் அரசு பணம் போட்டுக் காப்பாற்றிய வங்கி அது. நவம்பரில், தூக்கமே இல்லாமல் போய், மருத்துவர் சொல்லி விடுப்பில் போனார். அறிவிப்பு வந்ததும் பங்கு விலை சரிந்தது. வெளிப்படையாகச் சொல்வதற்கு விலை எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே அது பங்குச்சந்தையிலேயே தெரிந்தது. 2012 ஜனவரியில் அவர் திரும்பி வந்தார். அதற்குமேல் 2021 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

நமக்குச் செய்தித் தொடர்பாளர் கிடையாது

சரி, பிரதமரும் வங்கித் தலைவரும் இருக்கட்டும். ஆறு பேர் கொண்ட டீமில் நான்காவது ஆளாக இருப்பவர் என்ன செய்வது? அவருக்காக அறிக்கை எழுதித் தர யாரும் இல்லை. அவர் இடத்துக்கு வேறு ஆளை எடுப்பது சுலபம். காண்டிராக்ட் வேலை என்றால் இன்னும் சுலபம்.

இவர்கள் எண்ணிக்கை சின்னதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் வேலை செய்யும் வயதிலிருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன. இழப்பு ஒரு லட்சம் கோடி டாலர்.

இவர்கள் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் இதுதான். 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை நீண்டகால மனநலக் குறைபாடுகளையும் உள்ளடக்கியது. பல நாட்டுச் சட்டங்களும், வேலையில் நியாயமான மாற்றங்களைக் கேட்கும் உரிமையைத் தருகின்றன. வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றுவது, சிகிச்சை நாளில் அனுமதி, சில நாட்களுக்கு இரவு ஷிப்ட் இல்லாமல் இருப்பது, இப்படி. ஆனால் கேட்க வேண்டுமென்றால் சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் எதையும் கேட்க முடியாது. சொன்னவருக்கு அடுத்த பதவி உயர்வு பட்டியலில் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த முடிவுக்கு உதவ ஒரு சின்னக் கையேடு தயாரித்தார்கள். சொல், சொல்லாதே என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. யாரிடம் சொல்ல நினைக்கிறீர்கள், எவ்வளவு, எப்போது, சொல்வதால் உங்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டு யோசிக்க வைக்கும். அதைப் பயன்படுத்தியவர்களுக்கு முடிவெடுப்பதில் இருந்த குழப்பம் குறைந்தது. சொல்லாமல் இருப்பதும் மரியாதையான ஒரு முடிவுதான் என்று ஒப்புக்கொள்ளும் எந்த உதவியும் எனக்குப் பிடிக்கும்.

சொல்வது என்று முடிவெடுத்தால் அது நடைமுறையில் எப்படி இருக்கும்?

“மேடம், தனியாக ஒரு பத்து நிமிஷம் பேசணும்.”

“சொல்லுங்க.”

“கொஞ்ச நாளா எனக்கு உடம்பும் மனசும் சரியில்லை. டாக்டரைப் பார்த்தேன். மனச்சோர்வுன்னு சொல்லி சிகிச்சை ஆரம்பிச்சிருக்காங்க. காலையிலதான் ரொம்ப கஷ்டமா இருக்கு. ஒரு ஆறு வாரத்துக்குப் பதினோரு மணிக்கு முன்னாடி மீட்டிங் இல்லாம இருந்தா என்னால வேலையை ஒழுங்கா முடிக்க முடியும். இது உங்களோட இருக்கட்டும், டீம்ல யாருக்கும் தெரிய வேண்டாம்.”

இதில் நோயின் பெயர் ஒரு வரி. மீதியெல்லாம் வேலை. என்ன கஷ்டம், என்ன மாற்றம், எத்தனை நாள், யாருக்குத் தெரியலாம். கேட்பவர் கையில் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது. வெறும் துக்கத்தை மட்டும் கையில் கொடுத்தால் நல்ல மனுஷிகூடத் திணறிப்போய் ஏதாவது உளறிவிடுவார்.

அந்த உளறல்கள் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ‘யாருக்குத்தான் டென்ஷன் இல்லை’, ‘பாசிட்டிவா யோசிங்க’, ‘உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே’. மூன்றாவதைப் பாராட்டு என்று நினைத்தே சொல்கிறார்கள். இவற்றைவிடவும் மோசமானது, மேனேஜர் அக்கறையோடு இன்னும் நாலு பேரிடம் சொல்லிவைப்பது. ‘அவரைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று ஆரம்பித்து, மாலைக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிடும். கால் உடைந்து மாவுக்கட்டோடு வருபவரிடம் எல்லோரும் சாதாரணமாகப் பேசுவார்கள். இவர் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

சொல்லப்பட்டவர் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். “சொன்னதுக்கு நன்றி. பதினோரு மணி விஷயத்தை இன்னைக்கே மாத்திடறேன். எச்.ஆர்.கிட்ட சொல்லலாமா, வேண்டாமா? அடுத்த வாரம் மறுபடி பேசலாம்.” அவ்வளவு போதும். மருத்துவராக மாற வேண்டாம். சொன்னபடி அன்றைக்கே மீட்டிங் நேரத்தை மாற்ற வேண்டும். அடுத்த வாரம் மறக்காமல் பேச வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பேச்சில் ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற மாதிரி ஏதாவது வந்தால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டுவிட வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்பது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும். அந்த நிலையில் ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கைக் கொடுக்கக் கூடாது. அவரைத் தனியாக விடாமல், உடனே மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

வீட்டுக்கும் நண்பர்களுக்கும் இதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. வீட்டில் யாரும் வேலையைவிட்டு எடுத்துவிட மாட்டார்கள். ஆனால் வீட்டில் சொன்னால் எல்லோரும் மருத்துவர்களாகிவிடுவார்கள். ஆளாளுக்குக் காரணம் தேடுவார்கள், கடைசியில் யாரோ ஒருவர் மேல் பழி போய் விழும். அதனால் வீட்டிலும் முதலில் ஒரே ஒருவரிடம் சொல்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. அறிவுரை சொல்லாமல் கேட்கத் தெரிந்த ஒருவர், அது அண்ணியாகவோ பழைய அறைத்தோழராகவோ இருக்கலாம்.

போஸ்டருக்குப் பின்னால்

1992லிருந்து ஒவ்வொரு அக்டோபர் 10ஆம் தேதியும் உலக மனநல நாள். அன்றைக்கு நிறுவனங்களில் சுவரொட்டி ஒட்டுவார்கள், ஒரு மணிநேரம் யாரையாவது பேச வைப்பார்கள். அதே மாலை, மறுநாள் காலைக்குள் முடிக்கச் சொல்லி வேலை வந்து விழும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, வேலையால் எரிந்து ஓய்ந்துபோகும் நிலையை (பர்ன் அவுட்) நோயாகவே சேர்க்கவில்லை. வேலையிடத்தில் ஏற்பட்டு, சரியாகக் கையாளப்படாத நீடித்த அழுத்தத்தின் விளைவு என்று அதைச் சொல்கிறது. அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், வேலைப்பளுவையும் வேலைச் சூழலையும் திருத்துவதும் மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதும் இடம்பெற்றன. ஊழியருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதில் தவறில்லை. மூச்சு முட்டவைப்பது எது என்றும் பார்க்க வேண்டுமே.

நிறுவனங்கள் பார்க்க வேண்டிய இன்னோர் இடம், அவர்களுடைய சொந்தக் காகிதங்கள். மனநலச் சிகிச்சை எடுத்ததுண்டா என்று கேட்கும் வேலை விண்ணப்பம். எந்தத் துறை மருத்துவர் என்று தெரியும்படி சான்றிதழை அலுவலகம் முழுக்கச் சுற்ற விடும் விடுப்பு நடைமுறை. மனநோயை விலக்கி வைக்கும் குழுக் காப்பீடு. ‘வெளிப்படையாகப் பேசுங்கள்’ என்று சுவர் சொல்லும், ‘பேசாதே’ என்று படிவம் சொல்லும். ஊழியர்கள் படிவத்தைத்தான் நம்புவார்கள், அது புத்திசாலித்தனமும்கூட.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு வரி நெடுங்காலம் இருந்தது. 2012 ஜூன் 14ஆம் தேதி, மக்களவை விவாதத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் கெவன் ஜோன்ஸ் எழுந்து தனக்கு மனச்சோர்வு இருந்ததைச் சொன்னார். எதிர்ப்பக்க வரிசையில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்லஸ் வாக்கர் தனக்கு எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) பல வருடங்களாக இருப்பதைச் சொன்னார். அவர்கள் பேசிய நாளில், மனநலச் சட்டத்தின் கீழ் ஓர் உறுப்பினர் மருத்துவமனையில் தடுத்து வைக்கப்பட்டு, ஆறு மாதம் கழித்தும் அந்த நிலை நீடித்தால், அவர் பதவி தானாகப் போய்விடும் என்ற விதி அமலில் இருந்தது. வேறு நோயால் அதே ஆறு மாதம் படுக்கையில் கிடந்த உறுப்பினருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. 2013இல் வந்த மனநலப் பாகுபாட்டுச் சட்டம் அதை நீக்கியது. சிகிச்சையில் இருப்பவர்களை ஜூரி (வழக்குகளில் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) பணியிலிருந்து ஒட்டுமொத்தமாக ஒதுக்கிய விதியும், மனநலக் காரணத்தைக் காட்டி நிறுவன இயக்குநரை நீக்க வழி தந்த விதியும் அதே சட்டத்தில் திருத்தப்பட்டன.